மனம் கனக்கும் நாட்களுக்கு ஒரு கோல நோட்டு: சிக்குக் கோலம் பழக முழுமையான வழிகாட்டி

வேலை போன வீட்டிலும், நோயாளி படுத்திருக்கும் வீட்டிலும், ஒருவரை இழந்து ஒரு மாதம்கூட ஆகாத வீட்டிலும் "மனசை வெளியே கொட்டு, ஏதாவது வரை, எழுது" என்று யாராவது சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்கு வெள்ளைத் தாளைவிடப் பயம் தருவது வேறொன்றும் இல்லை. என்ன வரைவது, எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்? களைத்துப்போன மனத்தால் இத்தனை முடிவுகளை எடுக்க முடியாது.

கோலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. புள்ளி வைத்ததுமே பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. கோடு எங்கே போக வேண்டும் என்பதைப் புள்ளிகள் சொல்லும். கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது. பத்து நிமிடத்தில், ஐந்து ரூபாய்ப் பேனாவால், ஒரு காரியத்தை முழுதாக முடித்த உணர்வு கிடைக்கும். துயரக் காலத்தில் எதுவுமே முடிவதில்லை என்று தோன்றும்போது அது சிறிய விஷயமல்ல. கற்பனை பிறகு வரட்டும். முதலில் கைக்கு ஒரு விதியும், அந்த விதிக்கு ஒரு முடிவும் வேண்டும்.

நம் வீடுகளில் கோல நோட்டு புதிதல்ல. அம்மாவும் அத்தையும் பழைய பள்ளி நோட்டில் புள்ளிக் கணக்கோடு வரைந்து வைத்திருப்பார்கள், மார்கழிக்கு முன்னால் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்வார்கள். அதே நோட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். ஆண், பெண், சிறியவர், பெரியவர், எந்த மதத்தவர் என்ற வேறுபாடு நோட்டுக்குக் கிடையாது.

ஏன் சிக்குக் கோலம்

ரங்கோலிக்கு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். பூக்கோலத்துக்கு உருவம் யோசிக்க வேண்டும். இழைக் கோலத்துக்குக் கை ஓரளவு பழகியிருக்க வேண்டும். சிக்குக் கோலம் என்றும், சில ஊர்களில் கம்பிக் கோலம், நெளிக் கோலம் என்றும் சொல்லப்படுவதில் கோடு புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து போகும். யோசிக்க வேண்டியது குறைவு, கவனிக்க வேண்டியது அதிகம். கவலை வந்து உட்காரும் இடத்தில் அந்தக் கவனம் உட்கார்ந்துகொள்ளும்.

விதிகள் நான்கே:

1. கோடு எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது.
2. ஒவ்வொரு புள்ளியும் எல்லாப் பக்கமும் கோட்டால் சூழப்பட வேண்டும்.
3. கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டு போகலாம். ஆனால் போட்ட கோட்டின் மேலேயே ஓடக்கூடாது.
4. நுனி எதுவும் திறந்து நிற்கக்கூடாது.

வேண்டிய பொருட்கள்

ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்ட லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்குங்கள். பிள்ளைகளின் கணக்கு நோட்டு போதும். புள்ளிக்கு ஒரு பென்சில், கோட்டுக்கு ஒரு ஜெல் பேனா, பின்னால் தேவைப்படும் இரண்டு வேறு நிறப் பேனாக்கள். ரப்பர் வேண்டாம். அது பக்கத்தில் இருந்தால் அழிப்பதிலேயே நேரம் போய்விடும். வாசல் கோலம் போடும்போது யாரும் நூறு தடவை அழித்துப் போடுவதில்லை. எப்படியும் சாயங்காலத்துக்குள் மிதிபட்டு, மறுநாள் காலையில் கழுவப்பட்டுவிடும். அந்தத் தாராளம் நோட்டிலும் வேண்டும். பிழையான கோலத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

விலை உயர்ந்த ஓவிய நோட்டு வாங்காதீர்கள். தாள் அழகாக இருந்தால் கெடுத்துவிடுவோமோ என்று கை தயங்கும்.

நேரமும் இடமும்

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், ஒரு பக்கம். நன்றாக வருகிறதே என்று முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் நோட்டைத் தொடவே மனம் வராது. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு சேர்த்து வையுங்கள்: காலை காபி குடித்ததும், அல்லது நோயாளிக்கு மாத்திரை கொடுத்து முடித்ததும். தூக்கம் வராதவர்கள் இரவு படுக்கும் முன் வரையலாம், ஆனால் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

கை இளக

கவலையில் இருப்பவரின் தோளும் விரலும் இறுகியிருக்கும். இறுகிய கையில் வளைவு வராது, முனைதான் வரும். அதனால் முதல் இரண்டு நிமிடம் கோலமே வேண்டாம்.

பழைய செய்தித்தாளின் மேல் பேனாவை வைத்து, தோளிலிருந்து கையை அசைத்து, படுத்த எட்டு வடிவத்தை விடாமல் இருபது முறை சுற்றுங்கள். மூச்சை இழுக்கும்போது ஒரு பாதி, விடும்போது மறு பாதி. பிறகு அலை அலையாக ஒரு நீண்ட கோடு. அவ்வளவுதான்.

இப்படித் தொடங்குவதற்கு ஒரு முன்னோடி உண்டு. வியன்னாவில் 1898இல் பிறந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1942 டிசம்பரில் நாஜிகளால், யூதர்களை அடைத்து வைத்த தெரேசின் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு ரகசியமாக ஓவிய வகுப்பு நடத்தினார். மூச்சையும் தாளத்தையும் கைக்குக் கொண்டுவரும் பயிற்சிகள் அந்த வகுப்புகளில் இருந்தன. "உன் துயரத்தை வரை" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கோட்டையும் நிறத்தையும் வடிவத்தையும் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் மரண முகாமில் அவர் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளின் ஓவியங்கள் சுமார் 4,500, இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்டுத் தப்பின. இன்று பிராகிலுள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முதல் கோலம்: இரண்டு வரிசை, மூன்று புள்ளி

நோட்டில் கோடுகள் சந்திக்கும் ஒரு மூலையில் முதல் புள்ளி. அங்கிருந்து இரண்டு கட்டம் தள்ளி அடுத்தது, இன்னும் இரண்டு கட்டம் தள்ளி மூன்றாவது. அவற்றுக்கு நேர் கீழே இரண்டு கட்டம் இறங்கி இன்னொரு மூன்று. மேல் வரிசைக்கு இடமிருந்து 1, 2, 3 என்றும் கீழ் வரிசைக்கு 4, 5, 6 என்றும் பென்சிலால் எண் போடுங்கள்.

இப்போது பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே சரிபாதியில் சிறிய பெருக்கல் குறி இடுங்கள். அதைச் சந்தி என்று வைத்துக்கொள்வோம். 1க்கும் 2க்கும் நடுவே உள்ளது 1-2 சந்தி. மொத்தம் ஏழு வர வேண்டும்: 1-2, 2-3, 4-5, 5-6, 1-4, 2-5, 3-6. புள்ளிகளை இரண்டு கட்ட இடைவெளியில் வைத்ததால் எல்லாச் சந்திகளும் கட்டத்தின் மூலைகளிலேயே விழும். கோடு கட்டங்களின் குறுக்காகச் சாய்ந்து ஓடும், கண்ணால் அளக்க வேண்டியதில்லை.

போக்கு ஒன்றே ஒன்று: சந்திக்கு வந்தால் திரும்பாமல் நேரே தாண்டு. வெளி ஓரத்துக்கு வந்தால் மட்டும் புள்ளியைச் சுற்றி உள்ளே திரும்பு. வெளியே போகும் தூரம் ஒரு கட்டத்தைத் தாண்டக்கூடாது.

1-2 சந்தியில் பேனாவை வையுங்கள். வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்து 2-5 சந்தி, அதே சாய்வில் 5-6 சந்தி. அங்கிருந்து 6ஆம் புள்ளியின் அடியில் போய் வெளிப்புறமாக அதைச் சுற்றி மேலேறி 3-6 சந்தி. அதே போக்கில் 2-3 சந்தி. 2ஆம் புள்ளியின் தலைக்கு மேல் வளைந்து மறுபடி 1-2 சந்தி. அங்கே முதல் கோட்டை வெட்டிக்கொண்டு இறங்கி 1-4 சந்தி. 4ஆம் புள்ளியை வெளியே சுற்றி 4-5 சந்தி. மேலேறி 2-5, பிறகு 2-3. 3ஆம் புள்ளியை வெளியே சுற்றி 3-6. இறங்கி 5-6. 5ஆம் புள்ளியின் அடியில் வளைந்து 4-5. மேலேறி 1-4. 1ஆம் புள்ளியை வெளியே சுற்றி, தொடங்கிய 1-2 சந்தியில் சேருங்கள்.

ஒரே கோடு, ஆறு புள்ளியும் அதற்குள். முதல் தடவை ஐந்து நிமிடம் ஆகலாம். ஒரு வாரத்தில் எண்ணைப் பார்க்காமலே கை போகும்.

எங்கே தவறும், ஏன்

சில புள்ளிகள் வெளியே நிற்க, கோடு சீக்கிரமே தொடங்கிய இடத்துக்கு வந்துவிட்டதா? ஏதோ ஒரு சந்தியில் நேரே தாண்டாமல் திரும்பிவிட்டீர்கள். சந்திகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டியிருக்க வேண்டும். வெட்டாத சந்திதான் தவறிய இடம்.

கோடு புள்ளியின் மேல் ஏறிவிடுகிறதென்றால் கண் பேனா முனையில் இருக்கிறது. கண் அடுத்த சந்திக்கு முன்னால் போய்விட வேண்டும், கை பின்னால் வரும். சைக்கிள் ஓட்டும்போது சக்கரத்தைப் பார்க்காமல் வழியைப் பார்ப்பதுபோல.

ஓர வளைவு முனையாகக் கூர்மைப்பட்டால், அங்கே கை தயங்கி நின்றிருக்கிறது. நோட்டை அசையாமல் வைத்துக் கையை முறுக்க வேண்டாம். நோட்டைத் திருப்பிக்கொள்ளுங்கள். தரையில் போடும்போது நாமும் கோலத்தைச் சுற்றி நகர்ந்துதானே போடுகிறோம்.

ஒரு பக்கம் வயிறு பெருத்தும் மறுபக்கம் ஒட்டியும் வந்தால் குற்றம் கோட்டில் இல்லை, புள்ளியில். புள்ளி சீராக இல்லாத கோலத்தை எந்தக் கையாலும் சீராக்க முடியாது. வீட்டில் பெரியவர்கள் கோலம் சொல்லித்தரும்போது முதலில் புள்ளியை மட்டும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

தவறைக் கண்டுபிடிப்பதை அவசரமாகச் செய்யாதீர்கள். வாழ்க்கையில் நேர்ந்த இழப்புக்குக் காரணம் தேடித் தேடி அலுத்த மனத்துக்கு, விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் உள்ள ஒரு தவறு கிடைப்பது பெரிய ஆறுதல்.

எத்தனை கம்பி வரும்: ஒரு கணக்கு

இரண்டாம் வாரம் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். மூன்று வரிசையில் நான்கு புள்ளி, 17 சந்தி. நான்கு வரிசையில் ஐந்து புள்ளி, 31 சந்தி. இரண்டும் ஒரே கோட்டில் முடியும்.

ஆனால் மூன்று வரிசையில் மூன்று புள்ளி வைத்தால் ஒரே கோட்டில் முடியாது. அது உங்கள் பிழையல்ல. எல்லாச் சந்தியையும் வெட்டிப் போகும் செவ்வகக் கோலத்தில், வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி, அத்தனை தனித்தனிக் கம்பிகள், அதாவது தொடங்கிய இடத்திலேயே முடியும் தனிக் கோடுகள், வரும். 2, 3க்கு ஒன்று. 3, 5க்கு ஒன்று. 4, 6க்கு இரண்டு. 3, 3க்கு மூன்று. 5, 5க்கு ஐந்து. ஒரே கோடு வேண்டுமானால் பொது வகுத்தி 1 மட்டுமே உள்ள எண்களைத் தேர்ந்தெடுங்கள்.

வாசலில் பாட்டிமார் கைப்பழக்கமாகச் செய்த இதற்குள் எவ்வளவு கணிதம் இருக்கிறது என்பதைச் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970களில் ஆராய்ந்தார்கள். கோலங்களை உருவாக்கும் விதிகளை ஒரு மொழியின் இலக்கணம்போல எழுதிக் காட்டிய அவர்களுடைய வேலை, கணினி அறிவியலில் பட இலக்கணம் என்ற துறையின் தொடக்க ஆய்வுகளில் ஒன்று.

மூன்று கம்பியை ஒன்றாக்குவது

இந்த இடத்தில்தான் பின்பற்றுவது முடிந்து, நீங்களாகச் செய்வது தொடங்குகிறது. மெதுவாகப் போங்கள்.

மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, மேலிருந்து 1 முதல் 9 வரை எண் போடுங்கள். எல்லாச் சந்தியையும் வெட்டி, மூன்று கம்பிகளையும் மூன்று நிறத்தில் வரையுங்கள். ஒன்று 1, 5, 9 புள்ளிகளை உள்ளடக்கிச் சாய்ந்த நீள இலை. மற்றொன்று 3, 5, 7 வழியாக எதிர்ச்சாய்வில் இன்னோர் இலை. மூன்றாவது இரண்டையும் வெட்டிக்கொண்டு நிற்கும் வைரக்கட்டம். மொத்தம் 12 சந்தி.

அடுத்த பக்கத்தில் அதே புள்ளிகளை வையுங்கள். இம்முறை 1-2 சந்தியில் கோடுகள் வெட்டிக்கொள்ள வேண்டாம். ஒன்று 1ஆம் புள்ளியை அணைத்து இடப்பக்கமே திரும்பட்டும், மற்றொன்று 2ஆம் புள்ளியை அணைத்து வலப்பக்கமே திரும்பட்டும், முதுகோடு முதுகு காட்டி. அந்த ஒரு மாற்றத்தால் முதல் இலையும் வைரக்கட்டமும் ஒரே கம்பியாகிவிடும். 2-3 சந்தியிலும் இதையே செய்தால் மிச்சமிருந்த இலையும் சேர்ந்து, ஒன்பது புள்ளியும் ஒரே கோட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டு வேறு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் வெட்டை எடுத்தால் எப்போதும் அவை ஒன்றாகும். ஒரே கம்பி தன்னையே வெட்டும் இடத்தில் எடுத்தால் அது சில வேளை இரண்டாகப் பிரியும், சில வேளை ஒன்றாகவே இருக்கும். எது நடக்கும் என்று வரைந்து பார்த்தால்தான் தெரியும். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் விளையாடலாம். ஒரு கோலத்தில் ஒரு சந்தியை மட்டும் மாற்றுங்கள். மறுநாள் இன்னொன்றை. முப்பது பக்கம் போனதும், யார் நோட்டிலும் இல்லாத கோலம் ஒன்றாவது உங்களிடம் இருக்கும். யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, கை நடந்து போய்ச் சேர்ந்தது.

ஹிருதயக் கமலம்

பூஜை அறையில் போடும் இந்தக் கோலத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். இதயத் தாமரை என்று பொருள். இதில் கோடு புள்ளியைச் சுற்றாமல் புள்ளியோடு புள்ளி சேர்க்கும், ஆனால் ஒரே கோடு. எண்ணிக்கையில் மனம் முழுதாக நிற்க வேண்டியிருப்பதால், நினைப்பு ஓயாமல் சுழலும் நாளுக்கு ஏற்றது.

கவராயத்தால் 1.5, 3, 4.5, 6, 7.5 செ.மீ. ஆரத்தில் ஐந்து வட்டங்கள் மெல்லிய பென்சில் கோட்டில். மையத்திலிருந்து எட்டுத் திசையிலும் எட்டுக் கைகள். ஒவ்வொரு கையும் வட்டத்தை வெட்டும் இடத்தில் புள்ளி. உள்ளிருந்து வெளியே 1 முதல் 5. ஆக 40 புள்ளி. கைகளுக்கும் 1 முதல் 8 வரை எண் எழுதுங்கள்.

முதல் கையில் 1ஆம் புள்ளி, அடுத்த கையில் 3, அதற்கடுத்ததில் 5, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1, 3, 5, 2, 4 என்று ஒவ்வொரு கைக்கும் ஒரு புள்ளியாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். கோட்டைச் சற்றே வெளிப்பக்கம் வளைத்தால் இதழாகத் தெரியும். கைகள் எட்டு, எண்கள் ஐந்து, இரண்டுக்கும் பொது வகுத்தி 1. அதனால் ஐந்து சுற்றில் எல்லாப் புள்ளியும் சேர்ந்து தாமரை மூடிக்கொள்ளும்.

எண்ணிக்கை தப்பிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி: ஒவ்வொரு சுற்று முடிந்து முதல் கைக்கு வரும்போதும் நீங்கள் நிற்க வேண்டிய புள்ளி முறையே 2, 3, 4, 5. வேறு எண்ணில் நின்றால் அந்தச் சுற்றில்தான் தவறு. புள்ளி எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனால் தவறுவது குறையும்.

எதுவும் முடியாத நாட்கள்

வரும். அன்றைக்கு விட்டுவிட்டால் மறுநாள் குற்ற உணர்வு, அதற்கு மறுநாள் நோட்டு மூலைக்குப் போய்விடும். அதனால் மிகக் குறைந்த அளவு ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு புள்ளி, அவற்றைச் சுற்றி ஒரு எட்டு. பத்து விநாடி. தேதி போட்டு மூடிவிடுங்கள். அதுவும் முடியவில்லையென்றால் புள்ளி மட்டும் வையுங்கள். வெறும் புள்ளி வைத்த பக்கங்களும் அந்த நோட்டுக்கு உரியவைதான்.

ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் தேதியோடு ஒரே ஒரு சொல் எழுதுங்கள். "மழை", "ஸ்கேன்", "தூக்கமில்லை", "ரசம்". நாட்குறிப்பு எழுதத் தெம்பில்லாதவருக்கு அந்த ஒரு சொல் போதும்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் கருவியை மாற்றிக்கொள்ளலாம். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று தீட்டுவது கடினமான நிலையில், வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரியால் வெட்டி ஒட்டும் முறைக்கு மெல்ல மெல்ல மாறினார். அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்புகள் சில அப்படி வந்தவை. கை நடுங்குபவர்கள் 4 செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்துத் தடித்த ஸ்கெட்ச் பேனா பயன்படுத்தலாம். ஊசி போட்ட கையை அசைக்க முடியாதவர்கள், யாராவது போட்டுத்தந்த கோலத்தை மறு கை விரலால் தடவிச் சுற்றிவரலாம். பருத்தி நூலையும் துவரம்பருப்பையும் தாம்பாளத்தில் வைத்து, பருப்பைப் புள்ளியாகவும் நூலைக் கம்பியாகவும் வளைக்கலாம். பிழையானால் நூலை இழுத்துவிட்டால் போயிற்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கோலம் மருந்துக்கும் மருத்துவருக்கும் மாற்றல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலோகூட, நோட்டை வைத்துவிட்டு உதவி கேளுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. தமிழிலேயே பேசலாம்.

இருவராகப் போடுவது

ஒருவர் புள்ளி வைக்க, மற்றவர் கோடு இழுப்பது துயர வீட்டில் பேச்சுக்குப் பதிலாக இருக்கும் நல்ல வேலை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல் வந்து உட்கார்ந்திருக்கும் உறவினரிடம் "இந்தப் புள்ளியைக் கொஞ்சம் வச்சுக் கொடுங்க சித்தி" என்று நோட்டை நீட்டலாம். அப்பாவை இழந்த பிள்ளையிடம் கேள்வி கேட்பதைவிட, ஆறு புள்ளி வைத்துக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருவது மேல். பிள்ளை பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அடுத்த ஆறு புள்ளி வையுங்கள்.

தூரத்தில் இருப்பவரோடும் செய்யலாம். நீங்கள் புள்ளியை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், அவர் கோலமாக்கி அனுப்பட்டும். கொரோனாக் காலத்தில், 2021 ஜனவரியில் அமெரிக்காவில் புதிய அதிபரும் துணை அதிபரும் பதவியேற்றபோது, கமலா ஹாரிஸின் தமிழ் வேரை ஒட்டி, பல ஊர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரவர் வீட்டிலிருந்தே தனித்தனிச் சதுரங்களில் கோலம் போட்டார்கள். எல்லாம் ஒன்றாகக் கோக்கப்பட்டு ஒரே பெரிய கோலமாயின. பூட்டிய வீடுகளுக்கு நடுவிலும் கோலம் கூட்டுவேலையாக முடிந்தது.

நோட்டிலிருந்து வாசலுக்கு

துக்கம் நடந்த வீட்டில் குறிப்பிட்ட நாட்களுக்கு வாசலில் கோலம் போடுவதில்லை. திதி கொடுக்கும் நாளிலும் அப்படியே. எத்தனை நாள் என்பது ஊருக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாறும். அந்த வழக்கத்தை மீற வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. கோலம் இல்லாத வாசல் "இங்கே ஒரு இழப்பு நடந்திருக்கிறது" என்று தெருவுக்குச் சொல்லிவிடுகிறது, வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் கோலம் நோட்டுக்குள் இருக்கட்டும். நாள் கழிந்து, வீட்டார் மனமும் ஒப்பும்போது வெளியே வரலாம்.

மாவுக்கு நான்கு பிடி வெள்ளைக் கல் பொடிக்கு ஒரு பிடி அரிசி மாவு கலந்து சலித்துக்கொள்ளுங்கள். கல் பொடி மட்டும் என்றால் சீராக ஓடும், எறும்புக்கும் குருவிக்கும் ஒன்றும் கிடைக்காது. அரிசி மாவு மட்டும் என்றால் விரலில் அப்பும். சலிக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள் அரைத்த அரிசியைக் கரைத்துப் போடும் ஈர மாக்கோலத்துக்குப் போய்விடுவது உத்தமம்.

வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததும் உடனே போடாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் மாவு கரைந்து கோடு பரவும். முழுக்கக் காய்ந்தால் முதல் காற்றிலேயே பறக்கும். தண்ணீர் இழுத்துக்கொண்டு தரை இருண்டிருக்கும்போது போட வேண்டும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை எடுத்து, தரையிலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் கையை வைத்து, விரலைத் தேய்த்தபடியே கையை நகர்த்துங்கள். கோடு திட்டுத் திட்டாக விழுந்தால் கை மெதுவாகப் போகிறது அல்லது மாவு ஈரம் பட்டிருக்கிறது. கோடு அறுந்து அறுந்து வந்தால் சிட்டிகை தீரும்வரை காத்திருக்கிறீர்கள். பாதி தீர்ந்ததுமே அடுத்ததை எடுங்கள். சேரும் இடத்தில் முந்தைய கோட்டின் முனைக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்கினால் ஒட்டுத் தெரியாது.

மாக்கோலத்துக்கு ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அளவு பழைய பருத்தித் துணியை அதில் நனைத்து விரல்களுக்குள் பிடித்து, கட்டை விரலால் அழுத்த அழுத்த மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். போட்ட உடனே வெளிறித் தெரியும், காய்ந்தால்தான் வெள்ளை ஏறும். அது தெரியாமல் மேலே மேலே பூசினால் காய்ந்ததும் வெடித்து உரியும். சிமென்ட் தரையும் சிவப்புத் தரையும் இதற்கு நல்லவை. வழுவழுப்பான டைல்ஸில் நிற்காது.

முதல் வாசல் கோலம் பெரிதாக வேண்டாம். அந்த இரண்டு வரிசை, மூன்று புள்ளியே போதும், புள்ளிக்கும் புள்ளிக்கும் ஒரு சாண் விட்டு. குத்துக்காலிட முடியாதவர்கள் சிறு பலகையில் உட்கார்ந்து போடலாம். விடிந்து ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள். தெருவில் போகும் யாராவது நின்று, "என்னம்மா, மறுபடி கோலம் போட ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்கக்கூடும். பதில் சொல்லத் தோன்றாவிட்டால் தலையசைத்தால் போதும். மீந்த மாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மறுநாளுக்கு வாசல்படிக்கு அருகிலேயே வையுங்கள்.